மூன்றாவது கார்டு

காலை 5.40. செங்கோட்டையிலிருந்து வந்த ரயில் இருபது நிமிடத் தாமதத்துடன் எங்களைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. இந்தப் பக்கங்களில் இதுவரை அருவி, மலை, கடற்கரை என்று எழுதிவந்தவள் நான். ஒரகடத்துக்கு ஊர் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. பக்கத்து வீட்டு மைமூன் அக்காவுக்குத் துணையாகப் போனேன். அவருடைய மகன் அசரப்பை வேலையிலிருந்து நிறுத்திவைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அன்று மாதத்தின் கடைசி வேலை நாள். மாலை ஐந்து மணிக்குள் விஷயம் முடியாவிட்டால் வேலை போய்விடும் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது.

அசரப்புக்கு அந்த வேலைக்கு வழி காட்டியவள் நான்தான். என் அக்கா மகன் முருகேசன் ஒரகடத்தில் காருக்கு இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளியாக இருக்கிறான். "உன் கூட்டாளியையும் சேத்து விடுல" என்று போன வருடம் நான் சொல்லி, அவன் சேர்த்துவிட்டான். இருவரும் கடையநல்லூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இருவருக்கும் நான் 'சித்தி'தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் மைமூன் அக்காவிடம், "பர்தா வேண்டாம்க்கா, சேலையிலயே வாங்க. அங்கன உள்ளவங்க எப்படியோ" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். நல்லதைச் சொன்னதாகவே அப்போது நினைத்துக்கொண்டேன்.

காலை 6.35. மேற்குத் தாம்பரம் பேருந்து நிலையம். தேநீர் பதினைந்து ரூபாய், சர்க்கரை மட்டும் தாராளம். ஒரகடம் போகும் சாதாரணப் பேருந்து கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணமில்லை. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே வந்தன. எது எங்கே முடிகிறது என்று கடைப் பலகையைப் படித்தால்தான் தெரியும். சாலையில் பாதிக்கு மேல் கம்பெனிப் பேருந்துகள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஷிஃப்ட் எழுத்து ஒட்டியிருந்தது. உள்ளே சீருடை போட்ட பிள்ளைகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

படப்பையில் ஏறிய பெண் எங்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். மணிமங்கலத்துக்காரர், ஒரகடத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. நெற்றியில் குங்குமம், கையில் சாப்பாட்டுப் பை, வாய் நிறையப் பேச்சு. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"இன்னாமா, புள்ளைய பாக்க வந்துகிறீங்களா?"

"ஆமா. ஒரகடத்துல வேலை பாக்கான்" என்றார் மைமூன் அக்கா.

"நல்லா பாத்து இருக்கச் சொல்லுமா. வூடு எடுக்கச் சொல்லோ கூட யாரு கீறான்னு பாக்கணும். பக்கத்து கம்பெனில ஒரு பாய் பையன் மாட்னான், தெரியுமா? தாடி வுட்டுகினு, வெடிய நாலு மணிக்கு எந்திரிச்சு போன்ல இன்னாவோ பாஷை பேசினு கீறானாம். குண்டு வெக்கற கேஸாம். கூட கீற பையன் உஷாரா சொல்லிட்டான், அத்தொட்டு தப்பிச்சாங்கோ எல்லாரும்."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எனக்கு அந்த இடத்திலேயே இறங்கி ஓடலாம் போலிருந்தது. மைமூன் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் இன்னும் கொஞ்சம் முன்னால் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தப் பையன் பேரு என்னம்மா?"

"பேரு யாருக்கு தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதானே வெச்சிகிறாங்கோ."

சொல்லிவிட்டு அந்தப் பெண் பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்து நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார். மைமூன் அக்கா ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பர்தாவில் வந்திருந்தால் இந்தப் பேச்சும் வந்திருக்காது, கொய்யாப்பழமும் வந்திருக்காது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலை 7.50. ஒரகடம் கூட்டுச்சாலை. மேம்பாலம், அதன் அடியில் இட்லிக் கடைகள், நான்கு திசையிலும் லாரி. கொரியன் சாப்பாடு, ஜப்பானியச் சாப்பாடு என்றெல்லாம் பலகை தொங்குகிறது. வடக்குப்பட்டுப் பக்கம் போகும் சாலையில் வயலுக்கு நடுவே மூன்று மாடி, நான்கு மாடி விடுதிகள் முளைத்திருந்தன. கொடியில் காய்வதெல்லாம் சீருடைதான்.

அசரப் எங்களுக்காகக் காத்திருந்தான். தாடி இல்லை. மோவாயில் பிளேடு கிழித்த தடம் இருந்தது.

"தாடி நல்லாத்தானலே இருந்துச்சு. எதுக்கு எடுத்த?" என்றார் அவன் தாய்.

"வச்சிருந்தா ஏன் வச்சேன்னாங்க. எடுத்தா ஏன் எடுத்தேங்காங்க, உம்மா" என்றான்.

இட்லி சாப்பிட்டோம். நான்கு இட்லி நாற்பது ரூபாய், சட்னியைக் குறை சொல்ல முடியாது. அவன் இரண்டோடு நிறுத்திவிட்டான். வடக்குப்பட்டு அறையில் முருகேசனோடு தங்கியிருந்தவனை வீட்டுக்காரர் போகச் சொல்லிவிட்டதால் பென்னலூரில் ஒரு நண்பன் அறையில் படுத்துக்கொள்கிறான். பெருநாளும் அங்கேயேதான் கழிந்திருக்கிறது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லையாம். "எனக்கு ஒண்ணும் இல்லபா, கீழ் வூட்டுக்காரங்கதான் பயப்படறாங்கோ" என்று முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தாராம். போலீசும் இரண்டு முறை வந்து விசாரித்து, போனை வாங்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பெறகு என்னல பிரச்சனை?" என்றேன்.

"கார்டு சித்தி. கார்டு மூடலையாம்."

காலை 10.15. கம்பெனி வாசல். காவலாளி எங்கள் பையைப் பிரித்துப் பார்த்து, கொய்யாப்பழத்தையும் பார்த்து, உள்ளே விட்டார். அசரப்புக்கு அனுமதி இல்லை, அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான்.

இந்தக் கார்டைப் பற்றி, போகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் 'நியர் மிஸ் கார்டு' என்று ஒன்று உண்டு. விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்று தோன்றுவதைத் தொழிலாளி எழுதிப் போட வேண்டும். தரையில் எண்ணெய், வழியில் வயர், கழன்ற மூடி, இப்படி. நல்ல ஏற்பாடு, பல விரல்களைக் காப்பாற்றியிருக்கும். இந்தக் கம்பெனியில் ஆளுக்கு மாதம் மூன்று கார்டு கட்டாயம். குறைந்தால் சூப்பர்வைசர் லைனில் வைத்தே கேட்பார். அதனால் மாதக் கடைசியில் எல்லோரும் எதையாவது எழுதிப் போடுவார்களாம். ஒரே எண்ணெய்க் கறையைப் பத்துப் பேர் எழுதியதும் உண்டாம்.

மனிதவளப் பிரிவு அறையில் முப்பது வயதுப் பெண் அதிகாரி ஒருவர் எழுந்து நின்று வணங்கினார். தண்ணீர் கொடுத்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு சுவரொட்டி. 'தீவிரவாத எண்ணங்களின் தொடக்க அறிகுறிகள்' என்று தலைப்பு. தோற்றத்தில் திடீர் மாற்றம், உடன் இருப்பவர்களோடு சாப்பிடாமல் விலகுதல், வழக்கமில்லாத நேரத்தில் விழித்திருத்தல், கைப்பேசியில் மறைவான பேச்சு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியல்படி பார்த்தால் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரையும் பிடிக்கலாம். காதலிக்கிறவர்களையும் சேர்த்து. ஆனால் அதை ஒட்டியவர்கள் மனதில் யாரை வைத்து ஒட்டினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நோன்பு மாதத்தில் வெளியிலிருந்து ஒருவர் வந்து இதைப் பற்றிப் பேசினாராம். ஒவ்வொரு நாடும் என்ன செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினாராம். ஒரு நாட்டில் ஆசிரியரும் மருத்துவரும் தகவல் சொல்ல வேண்டும், ஒரு நாட்டில் குடும்பத்தினர் கூப்பிடத் தனி எண் உண்டு, இன்னொரு நாட்டில் சிறையில் இருப்பவனுக்கு மதபோதகரை வைத்துப் பாடம் எடுத்து, வேலை கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்து அனுப்புகிறார்கள் என்று. கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி, நம்மிடம் ஏற்கெனவே கார்டு இருக்கிறதே என்று முடிவு செய்துவிட்டது. இந்த அறிகுறிகளைப் பார்த்தாலும் கார்டில் எழுதலாம், மாதக் கணக்கில் சேரும் என்று மறுநாள் அறிவித்தார்கள்.

"போலீஸ் க்ளியர் பண்ணிட்டாங்க மேடம். எங்களுக்கும் அசரப் மேல பர்சனலா ஒண்ணும் இல்ல. நல்ல ஆப்பரேட்டர்" என்றார் அதிகாரி. "ஆனா கார்டு சிஸ்டத்துல ஓப்பன்ல இருக்கு. டெலிட் பண்ண முடியாது. ஒரு மாசத்துல க்ளோஸ் பண்ணியாகணும், இல்லன்னா ஆடிட்ல கேப்பாங்க."

"எப்படி மூடுவீங்க?"

"மூணு வழிதான். அபாயம் நீக்கப்பட்டது. இல்ல, அபாயம் கட்டுப்படுத்தப்பட்டது. இல்ல, எழுதினவரே தப்பா எழுதிட்டேன்னு லெட்டர் குடுக்கணும்."

தரையில் கொட்டிய எண்ணெயைப் பற்றிப் பேசுவது போலவேதான் பேசினார். மைமூன் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார், "அபாயம்னா நம்ம அசரப்பையா சொல்லுதாங்க?"

அதிகாரி சங்கடப்பட்டு, கார்டின் நகலை என் முன் வைத்தார். எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. 'அறையில் உடன் தங்கியிருப்பவர் இரண்டு மாதமாகத் தாடி வளர்க்கிறார். கேண்டீனில் எங்களோடு சாப்பிடுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போனில் புரியாத மொழியில் பேசுகிறார்.' கீழே 'என்ன நடந்திருக்கக்கூடும்' என்ற கட்டத்தில் ஒரே சொல்: 'தெரியாது.'

பேரை மறைத்தவர்கள் எழுத்தை மறைக்கவில்லை. 'ழ'வுக்கு வால் போடாத அந்தக் கையெழுத்தை அவனது மூன்றாம் வகுப்பிலிருந்து திட்டிவந்தவள் நான். முருகேசன் எழுதியது.

மைமூன் அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. "என்ன எழுதியிருக்கு செல்வி?" என்றார். நான் வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

"அது ஜப்பான் பாஷை இல்லா? அங்க வேலைக்கு அனுப்புவாங்கன்னு போன்ல படிக்கான்" என்றார் அவர்.

"தெரியும்மா. ஆனா கார்டுல மொழி பேரு இல்லையே" என்றார் அதிகாரி.

பிற்பகல் 2.20. முதல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். மைமூன் அக்காவையும் அசரப்பையும் மரத்தடியில் விட்டுவிட்டு, தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி, முருகேசனைத் தேநீர்க்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"நீதானல எழுதுன?"

அவன் மறுக்கவில்லை. "ரெண்டுதான் சித்தி போட்டிருந்தேன். மாசக் கடைசி. சூப்பர்வைசர் தலைக்கு மேல நிக்கான். எழுத ஒண்ணும் தோணல. அந்த போஸ்டர் எதுக்க இருந்துச்சு. யாரு இதெல்லாம் படிக்கப் போறான்னு நெனச்சேன். ஒருத்தனும் படிச்சதே கெடையாது சித்தி, சத்தியமா. அதுக்கு முந்தின மாசம் ஒரே ஃபேனப் பத்தி மூணு கார்டு போட்டேன்."

"அவன் நோன்பு வச்சான்னு ஒனக்குத் தெரியாதா? விடிய எந்திரிச்சு அவன் ஆக்குன சோத்துல நீயும் தின்னவன்தானல?"

"தின்னேன். ஆனா எழுதுனது ஒண்ணும் பொய் இல்லையே சித்தி. எல்லாம் உண்மைதான."

அவனை அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடு, இப்போதே எழுது, நான் சொல்கிறேன் என்றேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பொய்க் கார்டு என்றால் மெமோ, மெமோ வந்தால் வேலை நிரந்தரம் ஆகாது. அடுத்த மாதம் பத்தாம் தேதி வரும் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. "இன்னும் பத்து நாள் சித்தி. கன்ஃபர்ம் ஆனதும் கண்டிப்பா எழுதித் தாரேன்."

இன்று ஐந்து மணிக்குள் முடிய வேண்டிய காரியம் என்று அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. அவன் வேலை நிரந்தரம் ஆகட்டும் என்று கோயில் கோயிலாகப் போகிறவள் அவள். நான் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அவன் எழுதியிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பிற்பகல் 3.40. மீதமிருந்த வழி 'கட்டுப்படுத்தப்பட்டது'. அதற்கு ஒரு படிவம் உண்டு. எட்டு வாரம் வழிகாட்டல் வகுப்பு, அதுவரை பாதிச் சம்பளம், பிறகு பழையபடி வேலை. படிவத்தின் முதல் வரி: 'தவறான எண்ணங்களின் தொடக்க நிலையில் நான் இருந்ததை உணர்ந்து, திருந்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' கேள்விப்பட்ட நாடுகளில் எல்லாம் குற்றம் செய்தவனைத் திருத்துகிறார்கள். இங்கே நோன்பு பிடித்தவனைத் திருத்துகிறார்கள்.

மரத்தடியில் காகிதத்தை விரித்தோம். அசரப் படித்துவிட்டு, "நான் போட மாட்டேன்" என்றான்.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணு இருந்துச்சுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு பாஸ்போர்ட்டுக்குப் போனா இதத்தான எடுத்து நீட்டுவாங்க?"

"போடு வாப்பா" என்றார் மைமூன் அக்கா. "வேலை இல்லாம ஊருக்கு வந்தா அங்கயும் கேப்பாங்க. எதுக்கு வந்தான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவேன்?"

அவன் என்னைப் பார்த்தான். படித்தவள், நாலு இடம் போனவள், போடாதே என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. "போட்டுருப்பா, எட்டு வாரம்தான" என்றேன். என் குரல் எனக்கே அந்த அதிகாரியின் குரல் போல இருந்தது. நான்கரை மணிக்குப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டாம் பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 'மேற்படி நபரைக் கவனித்து வாரந்தோறும் கார்டில் தகவல் தரச் சம்மதிக்கும் உடன் பணியாளர் பெயர்' என்று ஒரு கட்டம்.

"யாரு பேரப் போட?" என்றேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு? முருகேசந்தான்" என்றார் மைமூன் அக்கா. "நம்ம புள்ள. அவனத் தவிர இங்க நமக்கு வேற யாரு இருக்கா? எழுது செல்வி."

நான் அசரப்பைப் பார்த்தேன். அவனிடமும் அந்தக் கார்டைக் காட்டியிருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே அறையில் ஒரு வருடம் இருந்தவனுக்கு அந்த எழுத்து தெரியாமலா இருக்கும்?

"எழுதுங்க சித்தி" என்றான். "இனி மூணாவது கார்டுக்கு அவன் அலைய வேண்டாம்லா. வாரம் ஒண்ணு கெடைக்கும்."

தாய்க்கு அது புரியவில்லை. நான் முருகேசனின் பெயரையும் பணியாளர் எண்ணையும் நிறுத்தி, தெளிவாக எழுதினேன். அசரப் காகிதத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் கொடுத்தான். மணி 4.50.

மாலை 5.30. தாம்பரம் பேருந்து. அதே வழி, அதே லாரிகள், வேறு எழுத்து ஒட்டிய கம்பெனிப் பேருந்துகள். மைமூன் அக்கா என் கையைப் பிடித்து, "நீ வராட்டா என்ன ஆயிருக்கும்?" என்றார். நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.

கடையநல்லூர் வந்து ஆறு வாரம் ஆகிறது. முருகேசனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. என் அக்கா தெரு முழுவதும் லட்டு கொடுத்தாள், முதல் தட்டு மைமூன் அக்கா வீட்டுக்குப் போனது. கடிதம் எழுதித் தருகிறேன் என்றவன் இப்போது என் போனை எடுப்பதில்லை. அசரப்புக்கு ஆறு வகுப்பு முடிந்திருக்கிறது. எங்கள் தெருவில் சுவரொட்டி இல்லை, கார்டு இல்லை, யாரும் யாரையும் எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிக்கத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆனால் பர்தா வேண்டாம் என்று நான் சொன்னது இந்தத் தெருவில் வைத்துத்தான்.

என் கட்டுரைகள் அச்சில் வந்ததும் முதலில் வாங்கிப் படிப்பவர் மைமூன் அக்கா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பார். இதையும் படிப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான், நாலு எட்டில் போய் நேரில் சொல்லியிருக்கலாம். ஆறு வாரமாக வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கார்டை எழுதியது முருகேசன்தான், அக்கா. எனக்கு அன்றைக்கே தெரியும்.